டிகிரி முடித்தபின் பயாலஜி படிக்கக் கூடாதா?

"பி.எஸ்சி. முடிச்ச பொண்ணு திரும்பவும் ப்ளஸ் டூ பரீட்சை எழுதப் போவுதாம்." காரைக்கால் பக்கம் எந்தத் தெருவில் இதைச் சொன்னாலும் அடுத்து என்ன பேச்சு வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். வயசு போயிடுச்சு என்பார் ஒருவர். மூணு வருஷம் படிச்சது வீணா என்பார் இன்னொருவர். சின்னப் பிள்ளைங்க சீட்டுக்கு இவங்க ஏன் போட்டிக்கு வரணும் என்று கேட்பார் மூன்றாமவர். விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்த நான்காமவர், அதுக்கெல்லாம் ரூல்லயே இடமில்லை என்று முடித்துவைப்பார். அந்தப் பெண் வாய் திறப்பதற்குள் பேச்சு அவளுடைய கல்யாணத்துக்குத் தாவியிருக்கும்.

இப்படிப் பேசுகிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. மாமா, சித்தப்பா, பள்ளிக்கூடத்து சார், எதிர்வீட்டு அக்கா என்று எல்லோரும் அக்கறையில்தான் பேசுகிறார்கள். அக்கறையோடு சொன்னாலும் தவறு தவறுதான். பட்டப்படிப்பை முடித்த ஒருவர், ப்ளஸ் டூவில் கிடைக்காமல் போன உயிரியலைப் படித்துத் தேறி, நீட் எழுதி, மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முயல்வது முறையான செயல். சட்டம் அதை ஏற்கிறது. வயதுக் கணக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது. பட்டினச்சேரி போன்ற மீனவ ஊர்களுக்கோ அது வெறும் அனுமதியாக இருந்தால் போதாது. அரசு முன்வந்து அமைத்துத் தரவேண்டிய வழி அது. இந்த நான்கு பேச்சுக்கும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.

குரூப்பைத் தேர்ந்தெடுத்தது யார்?

எல்லாப் பேச்சுக்கும் அடியில் ஓர் எண்ணம் ஒளிந்திருக்கிறது: "டாக்டர் ஆகணும்னு இருந்திருந்தா அப்பவே பயாலஜி குரூப் எடுத்திருக்கணும்." அதாவது, 15 வயதில் அந்தப் பிள்ளை யோசித்து ஒரு முடிவெடுத்தது, அந்த முடிவுக்கு இப்போது கட்டுப்பட வேண்டும் என்கிறார்கள்.

பட்டினச்சேரியில் அந்த முடிவு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவக் கிராமம் இது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வருவதும் ப்ளஸ் ஒன் சேர்க்கை தொடங்குவதும் பெரும்பாலும் அந்த 61 நாளுக்குள்தான். படகு கரையேறி நிற்கும், வலை பிரித்துச் சீர் செய்யப்படும், வீட்டில் காசு வரத்து நின்றிருக்கும். ஆண்டிலேயே கை மிகவும் காய்ந்திருக்கும் மாதத்தில் பிள்ளையின் குரூப் முடிவாகிறது. எந்தப் பள்ளியில் பயாலஜி குரூப் இருக்கிறது, அங்கே இடம் மிச்சமிருக்கிறதா, இந்த மார்க்குக்குக் கொடுப்பார்களா, பஸ் வசதி உண்டா, தனியார் பள்ளி என்றால் முதல் தவணை ஃபீஸுக்கு எங்கே போவது? இத்தனை கேள்விக்கும் பதில் கிடைத்த பிறகு எஞ்சுவதுதான் அந்தப் பிள்ளையின் "விருப்பம்". கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தா சீக்கிரம் வேலை என்று யாரோ சொல்வார்கள். காமர்ஸ்ல இடம் இருக்கு, சேர்ந்துடு என்று இன்னொருவர் சொல்வார். கையெழுத்துப் போடும் அப்பாவுக்கும் சரி, பிள்ளைக்கும் சரி, அந்தத் தாளில் உயிரியல் என்ற ஒரு பாடம் இல்லாததால் எந்தெந்தக் கதவுகள் மூடுகின்றன என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது.

உயிரியல் இவர்களுக்கு ஒட்டாத பாடமும் இல்லை. இந்த ஊரில் வளர்ந்த பெண் பத்து வயதிலேயே மீன் ஆய்ந்து பழகியவள். செவுளைத் திறந்து நிறம் பார்த்து, மீன் பிடித்து எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்லிவிடுவாள். வயிற்றைக் கீறியதும் குடல் எது, ஈரல் எது, சினை எது, காற்றுப்பை எது என்று அவள் விரலுக்குத் தெரியும். ஈரலோடு ஒட்டிக்கிடக்கும் பித்தப்பையை உடையாமல் கிள்ளி எடுத்துவிடுவாள். உடைந்தால் மீன் முழுக்கக் கசந்துவிடும். விலங்கியல் செய்முறை வகுப்பில் நகரத்துப் பிள்ளை படம் பார்த்து அறிவதை இவள் கத்தியும் கையுமாக அறிந்திருக்கிறாள். அப்படிப்பட்டவளுக்கு உயிரியல் பாடம் கிடைக்காமல் போனதற்குக் காரணம் ஒரு மே மாதமும், ஒரு பள்ளியின் குரூப் பட்டியலும். அந்தச் சூழ்நிலையை அவள் எடுத்த முடிவு என்று சொல்லி ஆயுள் முழுக்க அவள் தலையில் கட்டுவது அநியாயம்.

ரூல்ல இடமில்லையா?

நான்காமவருக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். அவர் சொல்வது ஒரு காலத்தில் உண்மை. 1997ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகள், 11, 12 ஆகிய இரண்டு வகுப்புகளிலும் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஆங்கிலத்துடன் முறையாகப் படித்திருக்க வேண்டும் என்றன. பி.எஸ்சி. பட்டத்தை வைத்து வரலாம் என்று ஒரு பிரிவும் அதில் உண்டு. ஆனால் பட்டத்துக்கு முன்பு இந்தப் பாடங்களில் தேறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதிலும் சேர்ந்தே வந்தது. ஆகவே கல்லூரியில் எவ்வளவு படித்திருந்தாலும் ப்ளஸ் டூவில் உயிரியல் இல்லாதவருக்கு வாசல் திறக்கவில்லை. 2018ல் திருத்தம் கொண்டுவந்து இன்னும் இறுக்கினார்கள். திறந்தநிலைப் பள்ளியில் படித்தவர்களும் தனித்தேர்வர்களும் நீட் எழுதக் கூடாது என்றார்கள். பொதுப்பிரிவுக்கு 25, இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று வயது வரம்பும் வைத்தார்கள்.

அதன் பிறகு நடந்ததை நம் ஊர் விவரஸ்தர்கள் கவனிக்கவில்லை. 2018 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் மீதான தடையை ரத்து செய்தது. வயது வரம்பை அன்று அந்த நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது உண்மை. ஆனால் கவுன்சிலுக்குப் பின் வந்த தேசிய மருத்துவ ஆணையமே 2021 அக்டோபரில் கூடி, வரம்பு வேண்டாம் என்று முடிவு செய்து, 2022 மார்ச்சில் அதை நீக்கியது. இன்று நீட் எழுதக் குறைந்தபட்சம் 17 என்பது மட்டும்தான் வயது நிபந்தனை. முக்கியமான மாற்றம் 2023 நவம்பர் 22ஆம் தேதி வந்தது. ப்ளஸ் டூ முடித்த பிறகு, அங்கீகரிக்கப்பட்ட வாரியம் ஒன்றில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித்தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவரும் நீட் எழுதலாம் என்று ஆணையம் பொது அறிவிப்பு வெளியிட்டது. இரண்டு ஆண்டு தொடர்ந்து பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்ற பழைய கட்டாயம் அத்துடன் போயிற்று.

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் ஒரே ஒரு பாடத்துக்கு மட்டும்கூடப் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத்தேர்வு நடக்கிறது. செய்முறைத் தேர்வும் உண்டு. கணிதம், இயற்பியல், வேதியியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற குரூப்பில் ப்ளஸ் டூ முடித்துவிட்டு, காரைக்கால் அறிஞர் அண்ணா கல்லூரியிலோ அவ்வையார் மகளிர் கல்லூரியிலோ பட்டம் வாங்கிய ஒருவருக்கும் மருத்துவ நுழைவுத்தேர்வுக்கும் நடுவில் நிற்பது ஒரு பாடம் மட்டுமே. காமர்ஸ் குரூப்பில் வந்தவருக்கு மூன்று பாடம். அவர் பாதை நீளம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இருவருக்கும் சட்டம் வாசலைத் திறந்துவிட்டது. மூடி வைத்திருப்பது நம் பேச்சுதான்.

வயசு போயிடுச்சு என்கிறவர்களுக்கு

கணக்கை விரல்விட்டே எண்ணிவிடலாம். ப்ளஸ் டூ முடிக்கும்போது 17 அல்லது 18. பட்டம் முடிக்கும்போது 20 அல்லது 21. உயிரியல் ஒரு பாடத்தையும் நீட்டையும் சேர்த்து முயல ஓராண்டு. முதல் முயற்சி தவறினால் இன்னோராண்டு. 23 வயதில் கல்லூரியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு. 29 வயதுக்குள் மருத்துவர். அரசுப் பணியில் 60 வயதில் ஓய்வு என்றாலும் 31 ஆண்டு சேவை. சொந்தமாக மருத்துவம் பார்ப்பவருக்கு ஓய்வு வயதே கிடையாது. 31 ஆண்டு நோயாளி பார்க்கப்போகும் ஒருவரைப் பார்த்து வயது போய்விட்டது என்று எந்தக் கணக்கில் சொல்கிறோம்?

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். ப்ளஸ் டூ முடித்த 17 வயதுப் பிள்ளை நேராக மருத்துவக் கல்லூரிக்குப் போகிறது என்ற படம் நம் மனத்தில் பழைய காலத்திலிருந்து தொங்குகிறது. அந்தப் படம் இன்று பொய். தமிழ்நாடு அரசு 2021ல் அமைத்த நீதிபதி ஏ.கே.ராஜன் குழுவின் அறிக்கையில் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவர்களில், முன்பே ப்ளஸ் டூ முடித்துத் திரும்ப எழுதி வந்தவர்களின் பங்கு 2016-17ல் சுமார் 12 விழுக்காடு. 2020-21ல் அது 71 விழுக்காடு. அதாவது பத்தில் ஏழு பேர் ஓராண்டோ இரண்டாண்டோ அதற்கு மேலோ காத்திருந்து வந்தவர்கள். இரண்டு முறை திரும்ப எழுதி 20 வயதில் சேர்கிற பிள்ளைக்கும், டிகிரி முடித்து 23 வயதில் சேர்கிற பெண்ணுக்கும் வித்தியாசம் மூன்றே ஆண்டு.

இதில் நம் சமூகம் காட்டும் பாரபட்சத்தை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி, விடுதியில் தங்கி, நீட் கோச்சிங்கில் இரண்டு மூன்று ஆண்டைக் கழிக்கும் பிள்ளையை "விடாமுயற்சி" என்று மெச்சுகிறோம். அதே மூன்று ஆண்டில் அரசுக் கல்லூரிக்குப் போய் ஒரு பட்டம் வாங்கிவிட்டு, பிறகு அதே தேர்வை எழுத வருகிறவரை "காலம் கடந்து வந்தவர்" என்கிறோம். இருவரும் கழித்தது ஒரே அளவு காலம். ஒருவர் வீட்டில் கோச்சிங் ஃபீஸுக்குப் பணம் இருந்தது, மற்றவர் வீட்டில் இல்லை. இந்த வித்தியாசத்துக்கு வயது என்று பெயர் சூட்டுவது நேர்மையாகாது.

மூன்று ஆண்டு வீணா?

வீண் என்கிறவர்கள் நீட் வினாத்தாளை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். மொத்தம் 720 மதிப்பெண். உயிரியலுக்கு 90 கேள்வி, 360 மதிப்பெண். இயற்பியலுக்கு 180, வேதியியலுக்கு 180. உயிரியலைக் கரைத்துக் குடித்த பிள்ளைகளும் தடுக்கி விழும் இடம் இயற்பியல் என்பது கோச்சிங் வகுப்பில் பாடம் எடுக்கிற எவருக்கும் தெரியும். பி.எஸ்சி. இயற்பியல் படித்து, வேதியியலைத் துணைப்பாடமாகவும் படித்த பட்டதாரிக்கு வினாத்தாளின் பாதி பழகிய நிலம். மற்ற பாதியான உயிரியலை அவர் புதிதாகக் கற்க வேண்டும். உயிரியல் பாடத்தில் உழைப்பு அதிகம், படிக்க வேண்டியது ஏராளம். ஆனாலும் உட்கார்ந்து படித்தால் வசப்படும் பாடம் அது. மூன்று ஆண்டு கல்லூரியில் தானாகப் படித்துப் பழகியவருக்கு அந்த உழைப்பு எட்டாததில்லை.

பட்டம் கையில் இருப்பதால் கிடைக்கும் பெரிய நன்மை இன்னொன்று. நீட் எழுதுபவர்கள் 20 லட்சத்துக்கு மேல், எம்.பி.பி.எஸ். இடங்களோ ஒரு லட்சத்தைத் தாண்டிச் சற்று அதிகம். எழுதுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இடம் கிடைக்காது. அப்படித் தவறிப்போகும்போது யார் நிலை என்ன? மூன்று ஆண்டு கோச்சிங் போன பிள்ளையின் கையில் ப்ளஸ் டூ சான்றிதழ் மட்டும் இருக்கும். பட்டதாரியின் கையில் பட்டம் இருக்கும். அவர் பி.எட். படிக்கலாம், எம்.எஸ்சி. சேரலாம், போட்டித் தேர்வு எழுதலாம். புதிதாகத் தேறிய உயிரியலும் வீண் போகாது, பி.எஸ்சி. நர்சிங், பிசியோதெரபி, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற படிப்புகள் கேட்பதும் அதே உயிரியலைத்தான். பெற்றோர்கள் பயப்படுவது நியாயம். ஆனால் கணக்குப் போட்டுப் பயந்தால், அவர்கள் அதிகம் பயப்பட வேண்டியது பட்டம் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நீட்டுக்காக உட்காரும் பிள்ளையைப் பற்றி.

பட்டப்படிப்பு மருத்துவத்துக்குப் பயன்படாது என்பதும் தவறு. கதிர்வீச்சும் எக்ஸ்-ரேயும் இயற்பியல். மருந்து எப்படி வேலை செய்கிறது என்பது வேதியியல். ஒரு சிகிச்சை உண்மையிலேயே பலன் தருகிறதா என்று கண்டுபிடிப்பது புள்ளியியல். ஒரு குடும்பம் மருந்தை ஏன் பாதியில் நிறுத்துகிறது என்பது பொருளாதாரம். இவற்றில் ஒன்றை மூன்றாண்டு ஊன்றிப் படித்தவர் மருத்துவத்துக்குள் வந்தால் லாபம் மருத்துவத்துக்கு.

சின்னப் பிள்ளைகளின் சீட்டா?

இந்த வாதத்துக்கு ஆதாரமாக எப்போதும் இரண்டு செய்திகளைக் காட்டுவார்கள். 2020ல் ஒடிசாவில் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர் 64 வயதில் நீட்டில் தேறி, புர்லா அரசு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 2022 சனவரியில் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்கு வந்து, கடைசியில் அந்த இடத்தை இளையவர் யாருக்காவது போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். அந்த ஆசிரியரின் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். ஆனால் 61 வயதுக்காரர் தாமாக முன்வந்து காட்டிய பெருந்தன்மையை, 22 வயதுப் பெண்ணிடம் கடமையாகக் கேட்க முடியாது. ஓய்வுபெற்றவரும் இவளும் ஒரே தராசில் நிற்கிறவர்கள் அல்லர். அபூர்வமான இரண்டு செய்திகளைக் காட்டி ஒரு தலைமுறையின் வழியை அடைப்பது வாதமாகாது.

சீட் யாருடையது என்ற கேள்விக்கு வருவோம். சீட் எந்த வயதுக்கும் எழுதிக் கொடுக்கப்பட்டதில்லை. தரவரிசையும் இட ஒதுக்கீடும் சொல்கிறவருக்கு அது போகிறது. ஏழைப் பிள்ளையின் சீட் பறிபோவது உண்மையான கவலை. அது எங்கே பறிபோகிறது என்று பாருங்கள். கோச்சிங்குக்குப் பணம் இல்லாததால் தரவரிசையில் கீழே போகிறது. தனியார் கல்லூரியின் ஃபீஸைக் கட்ட முடியாததால் கிடைத்த இடமும் கைநழுவுகிறது. பட்டம் முடித்து வரும் மீனவர் வீட்டுப் பெண் அந்த ஏழைப் பிள்ளைக்கு எதிராளி ஆகமாட்டாள். சில ஆண்டுக்கு முன் குரூப் கிடைக்காமல் போன அதே ஏழைப் பிள்ளைதான் அவள்.

அரசு செலவு செய்து படிக்கவைக்கிறது, நாட்டுக்குச் சேவை கிடைக்க வேண்டாமா என்பதும் நியாயமான கேள்வி. சேவை வேண்டுமென்றால் சேவை ஒப்பந்தம் கேளுங்கள். இத்தனை ஆண்டு அரசு மருத்துவமனையில் பணியாற்ற வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். இளைய வயதில் சேர்ந்துவிட்டால் சேவை தானாக வந்துவிடும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 23 வயதில் வெளிநாட்டுக்கு விமானம் ஏறும் இளம் மருத்துவரும் அரசுப் பணத்தில் படித்தவர்தான்.

உலகம் என்ன செய்கிறது?

அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரியில் சேரும்போதே மாணவரின் சராசரி வயது ஏறத்தாழ 24. அங்கே பெரும்பாலும் பட்டப்படிப்பை முடித்தவர்தான் மருத்துவம் சேர முடியும். வரலாறும் இசையும் படித்து முடித்துவிட்டு மருத்துவம் பக்கம் திரும்புகிறவர்களுக்காக, விட்டுப்போன வேதியியல், உயிரியல், இயற்பியல் பாடங்களை மட்டும் சொல்லிக்கொடுக்கும் படிப்புகள் பல பல்கலைக்கழகங்களில் நடக்கின்றன. பென்சில்வேனியாவில் பிரின் மார் கல்லூரி 1972லிருந்து இதை நடத்துகிறது. அங்கே யாரும் அதை வெட்கமாக நினைப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஃபிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1996ல் பட்டதாரிகளை மட்டும் எடுக்கும் மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரி 2000ல் பட்டதாரிகளுக்கு நான்கே ஆண்டில் மருத்துவம் முடிக்கும் வழியைத் திறந்தது. நம் பிள்ளைகள் வேலைக்குப் போகும் சிங்கப்பூரில் டியூக்-என்.யு.எஸ். மருத்துவக் கல்லூரி 2007லிருந்து பட்டதாரிகளை மட்டுமே சேர்க்கிறது.

இன்னொரு நாட்டையும் காரைக்கால்காரர்கள் கவனிக்க வேண்டும். பிரான்சில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்களும் பொறியாளர்களும் மருத்துவப் படிப்பின் இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ நேரடியாகச் சேர ஒரு தனி வழி உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இன்றும் காரைக்காலில் வாழ்கின்றன. ஜிப்மர் மருத்துவக் கல்லூரியின் வேரே 1823ல் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் இருக்கிறது. அந்தப் பள்ளியைத் தந்த நாடு பட்டதாரிக்கு வழி திறந்து வைத்திருக்க, பள்ளியைப் பெற்ற ஊர் பட்டதாரியைப் பார்த்து வயசு போயிடுச்சு என்கிறது.

பெண்ணின் மேல் விழும் சுமை

இந்தப் பேச்சு எல்லோரையும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. ஆண் பிள்ளை டிகிரி முடித்துவிட்டு இரண்டு ஆண்டு அரசு வேலைக்கான குரூப் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் இருந்தால், "பையன் முயற்சி பண்றான்" என்று பெயர். பெண் அதே இரண்டு ஆண்டைக் கேட்டால் வரன் தள்ளிப்போகிறது என்று வீடு பதறுகிறது. வயசு போயிடுச்சு என்ற சொல் அவளிடம் வரும்போது பேசப்படுவது மருத்துவப் படிப்புக்கான வயது இல்லை. இதை மூடி மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

பட்டினச்சேரித் தாய்மார்களை நேராகக் கேட்கிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் கடல் கொண்ட உயிர்களில் பெரும்பாலானவை காரைக்கால் கடற்கரையில் போனவை. அந்த ஆண்டை ஒட்டிப் பிறந்த பிள்ளைகள்தான் இப்போது பட்டம் முடித்து வெளியே வருகிறார்கள். தலைப்பிரசவச் சிக்கல், பாம்புக்கடி, மாரடைப்பு என்று பெரிதாக ஏதாவது வந்தால் பல நேரம் தஞ்சாவூருக்கோ, 130 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் புதுச்சேரிக்கோ ஓடுவது இந்த ஊருக்குப் புதிதில்லை. உங்கள் பாஷை பேசி, உங்கள் உடம்பைத் தொட்டுப் பார்த்து, கடலோரத்து வேலையில் தோலுக்கும் முதுகுக்கும் என்னென்ன வரும் என்று கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஒரு பெண் மருத்துவர் உங்கள் வீட்டிலிருந்தே வருவதற்கு இரண்டு ஆண்டு பொறுக்க மாட்டீர்களா?

நியாயமான ஓர் எதிர்ப்பு

இதுவரை பதில் சொன்னவை ஊர்ப் பேச்சு. இன்னொரு எதிர்ப்பு உண்டு. அதைச் சொல்பவர்கள் ஆழ யோசித்தவர்கள். நீட் தேர்வே பணம் உள்ளவனுக்குச் சாதகம், அதற்குள் இன்னொரு கூட்டத்தைத் தள்ளிவிடுவது கோச்சிங் வியாபாரத்துக்குத் தீனி போடுவதாகாதா என்கிறார்கள். அவர்கள் சொல்லும் முதல் பாதி சரி. ராஜன் குழு காட்டிய எண்களே அதற்குச் சாட்சி. ஆனால் அதிலிருந்து அவர்கள் வரும் முடிவை நான் ஏற்கவில்லை. தேர்வு முறை மாறும்வரை இந்த ஊர்ப் பட்டதாரி காத்திருக்க வேண்டும் என்றால், காத்திருப்பின் செலவு முழுவதும் அவள் கணக்கில் விழுகிறது. நீட்டை எதிர்த்துப் போராடுவோம். அதற்காக, இன்று இருக்கும் ஒரே வாசலில் நுழைய வருகிறவளைத் தடுக்க வேண்டாம்.

கோச்சிங்குக்குக் கடன் வாங்குங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். பட்டதாரிக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: கடைசி ஆண்டிலேயே உயிரியலைத் தொடங்குங்கள். தேசியப் பாடத்திட்டத்தின் 11, 12 வகுப்பு உயிரியல் புத்தகங்களை வரி விடாமல் படியுங்கள். நீட் தமிழிலும் எழுதலாம், 2017லிருந்து அந்த வசதி உண்டு. முயற்சி எத்தனை முறை என்பதை முன்கூட்டியே முடிவு செய்து வீட்டில் சொல்லிவிடுங்கள். வரம்பு தெரிந்த முயற்சிக்கு வீடு துணை நிற்கும்.

அரசு செய்ய வேண்டியது

பட்டினச்சேரிக்கு எட்டும் தூரத்தில் இன்று மருத்துவக் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. காரைக்காலில் விநாயகா மிஷன் கல்லூரி 1996லிருந்து இருக்கிறது. ஜிப்மரின் காரைக்கால் கிளை 2016ல் 50 மாணவர்களோடு தொடங்கியது. திருவாரூர் அரசுக் கல்லூரி 2010ல் வந்தது. நாகப்பட்டினம் அரசுக் கல்லூரி ஒரத்தூரில் 2022 சனவரியில் திறக்கப்பட்டது. கட்டடங்கள் நம் வாசலுக்கு வந்துவிட்டன. அவற்றுக்குள் போகும் படி இன்னும் ப்ளஸ் ஒன் சேர்க்கையில்தான் இருக்கிறது. அதைத் தவறவிட்டவர்களுக்கு வேறு படி கட்டவேண்டியது அரசின் வேலை.

காரைக்கால் கல்வித்துறையிடம் கேட்பவை நான்கு. முதலாவது, ஆய்வகம் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில், பட்டதாரிகளுக்கு மாலையில் உயிரியல் வகுப்பும் செய்முறையும் நடத்துங்கள். 2023-24லிருந்து நம் அரசுப் பள்ளிகள் மத்திய வாரியப் பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. இப்போது பட்டம் முடிக்கும் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் ப்ளஸ் டூ முடித்தவர்கள். இரண்டுக்கும் இடையில் விழுந்தவர்களுக்கு வகுப்பு அவசியம். இரண்டாவது, திறந்தநிலைப் பள்ளியில் ஒரு பாடத்துக்குப் பதிவு செய்வது எப்படி, கடைசித் தேதி என்ன, என்ன சான்றிதழ் வேண்டும் என்பதை அரசுக் கல்லூரிகளின் மூன்றாம் ஆண்டு வகுப்பறையிலேயே சொல்லுங்கள். மூன்றாவது, அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் புதுச்சேரி வழங்கும் 10 விழுக்காடு ஒதுக்கீடு, அரசுப் பள்ளியில் ப்ளஸ் டூ வரை படித்துவிட்டுப் பட்டத்துக்குப் பின் உயிரியலைச் சேர்த்துக்கொண்டவருக்கும் பொருந்தும் என்று ஐயத்துக்கு இடமில்லாமல் விதியில் எழுதுங்கள். நான்காவது, மீனவக் கிராமங்களிலிருந்து பஸ் எட்டும் தூரத்தில் உள்ள ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் உயிரியல் குரூப்பில் போதிய இடம் வையுங்கள். தடைக்கால மாதங்களில் சேரும் மீனவர் பிள்ளைகளிடம் எந்தப் பணமும் கேட்காதீர்கள்.

நான்காவது கோரிக்கை முழுதாக நிறைவேறினால் பத்தாண்டில் முதல் மூன்றுக்கும் தேவை குறைந்துவிடும். அதுவரை அந்தப் படியைத் தவறவிட்ட தலைமுறை ஒன்று பட்டத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. அவர்களுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் இருக்கிறார், செய்முறைக்கு ஆய்வகம் இருக்கிறது, அனுமதிக்கச் சட்டமும் இருக்கிறது. மாலை நேர வகுப்புக்கான உத்தரவு மட்டும் பாக்கி. வருகிற கல்வியாண்டிலேயே அதைப் போடுங்கள்.